அக்சஸ் லாக்கில் எதை எழுதுவது, எதை விடுவது? (சுங்கை சிப்புட், திம்பாங் சீட்டுத் தளம்)

சிப்புட்_பையன் | 10.03.2025, காலை 10.42

வணக்கம். சுங்கை சிப்புட்டில் ஒரு செம்பனைப் பழக் கொள்முதல் மையத்தின் கணினி வேலைகளைப் பார்க்கிறேன். பிரிண்டருக்கு மை ஊற்றுவதிலிருந்து சர்வர் வரை எல்லாம் என் தலையில்தான். பழம் போட்டுவிட்டுப் போகும் சிறுதோட்டக்காரர்கள் அன்றைய திம்பாங் சீட்டை (எடைச் சீட்டு) கைப்பேசியில் பார்த்துக்கொள்ள ஒரு சின்னத் தளம் வைத்திருக்கிறோம். ஐசி (அடையாள அட்டை) நம்பரும் மாதமும் போட்டால் லோரி எண், மொத்த எடை, வெறும் லோரி எடை, நிகர எடை, விலை எல்லாம் வரும். எடைமேடையில் லோரி நிற்கும் படமும் கூடவே வரும்.

ஒரு மாதமாகக் காலை நேரத்தில் "பக்கம் சுற்றிக்கொண்டே இருக்கு" என்று புகார். அக்சஸ் லாக்கை (தளத்துக்கு வரும் ஒவ்வொரு கோரிக்கைக்கும் சர்வர் எழுதிவைக்கும் வரிகள்) திறந்தால் எல்லா வரியும் 200, அதாவது சரியாகப் போனது என்று. ஐபியும் ஒன்றே ஒன்றுதான், 127.0.0.1, அதே பெட்டியின் சொந்த முகவரி. முன்னால் என்ஜின்எக்ஸ் சர்வர், பின்னால் அப்பாச்சி சர்வர், அதில் பிஎச்பி நிரல். எனக்கு முன்பு இருந்தவர் அமைத்துவிட்டுப் போனது. யார் காத்திருந்தார், எத்தனை நேரம் என்று இந்த லாக்கில் ஒன்றும் தெரியவில்லை.

லாக்கில் எதை எழுதுவது என்று சொல்லும் அப்பாச்சியின் லாக்ஃபார்மேட் வரிக் கடைசியில், எடுத்த நேரத்தை எழுத %டி சேர்த்தேன். இப்படி வந்தது:

127.0.0.1 - - [10/மார்ச்/2025:07:14:08 +0800] "கெட் /சீட்டு?ஐசி=[நெறியாளர் அழித்தது]&மாதம்=2" 200 6120 81344

81344 மில்லிவிநாடி என்றால் 81 விநாடி! ஒரு சீட்டுக்கு 81 விநாடியா? டேட்டாபேஸை மாற்றச் சொல்லி முதலாளியிடம் போகலாமா?

கூலிம்காரன் | 10.03.2025, காலை 11.05

தம்பி, முதலாளியிடம் போகாதீர்கள். அது மில்லி இல்லை, மைக்ரோ. அப்பாச்சியில் இரண்டு "டி" இருக்கின்றன. டாக்டரில் வரும் டி மைக்ரோவிநாடி, டீக்கடையில் வரும் டீ முழு விநாடி. நீங்கள் போட்டது டாக்டர். 81344 என்றால் 0.08 விநாடி. கண் சிமிட்டுவதற்குள் அப்பாச்சி வேலையை முடித்துவிட்டது.

என்ஜின்எக்ஸ் விநாடியில் எழுதும், புள்ளிக்குப் பிறகு மூன்று இலக்கம். விண்டோஸின் ஐஐஎஸ் சர்வர் மில்லிவிநாடி. டன்னும் கிலோவும் ஒரே சீட்டில் கலந்த மாதிரிதான். லாக்கில் நேரம் சேர்க்கிறவர்கள் புலத்தின் பெயரையும் பக்கத்தில் எழுதிவையுங்கள், வெறும் எண்ணை விடாதீர்கள்.

இன்னொன்று, இதுதான் அவசரம். நீங்கள் ஒட்டிய வரியில் ஒருவருடைய ஐசி 12 இலக்கமும் முழுசாக இருக்கிறது. முதல் ஆறு பிறந்த தேதி, அடுத்த இரண்டு பிறந்த இடம். நெறியாளரிடம் சொல்லியிருக்கிறேன்.

சிப்புட்_பையன் | 10.03.2025, காலை 11.20

ஐயோ. அழித்தாயிற்று, நன்றி. என் பெரியப்பாவின் ஐசி அது, சோதித்துப் பார்க்கப் போட்டேன். நல்ல வேளை, திட்டுவது அவர் ஒருவர்தான்.

சரி, அப்பாச்சி 0.08-ல் முடிக்கிறது என்றால் மீதி நேரம் எங்கே போகிறது?

கிராணி_வீட்டுப்பிள்ளை | 10.03.2025, மதியம் 1.32

தம்பி, நீங்கள் அளக்கிற இடம் தப்பு. அப்பாச்சி பக்கத்தைக் கொடுப்பது கைப்பேசிக்கு இல்லை, அதே பெட்டிக்குள் பக்கத்தில் இருக்கும் என்ஜின்எக்ஸுக்கு. என்ஜின்எக்ஸ் அதைத் தன் நினைவகத்தில் வாங்கி வைத்துக்கொள்ளும், அத்தோடு அப்பாச்சியின் வேலை முடிந்தது. லைன் மோசமான தோட்டத்துக்குள் அதைக் கொண்டுபோய்ச் சேர்க்கிற பாடு முழுக்க என்ஜின்எக்ஸுக்குத்தான். 127.0.0.1 வருவதும் அதனால்தான். அப்பாச்சியைப் பொறுத்தவரை வாடிக்கையாளர் ஒரே ஆள், பக்கத்து அறைக்காரர்.

என்ஜின்எக்ஸ் லாக்கில் இரண்டு நேரங்களையும் சேருங்கள்:

லாக்_ஃபார்மேட் சீட்டு '$ரிமோட்_ஆடர் [$டைம்_லோக்கல்] "$ரிக்வெஸ்ட்" $ஸ்டேட்டஸ் $பாடி_பைட்ஸ்_சென்ட் மொத்தம்=$ரிக்வெஸ்ட்_டைம் பின்=$அப்ஸ்ட்ரீம்_ரெஸ்பான்ஸ்_டைம்';

படிக்க வசதியாகத் தமிழ் எழுத்தில் போட்டிருக்கிறேன், ஃபைலில் வழக்கமான பெயர்களில் அடியுங்கள். ரிக்வெஸ்ட் டைம் என்பது கேட்டவரின் முதல் பைட் வந்ததிலிருந்து கடைசி பைட்டை அனுப்பி முடிக்கும் வரை. அப்ஸ்ட்ரீம் ரெஸ்பான்ஸ் டைம் அப்பாச்சியிடம் செலவான நேரம் மட்டும். இரண்டும் பெரியதாக இருந்தால் பிஎச்பியையோ டேட்டாபேஸையோ சந்தேகப்படுங்கள். மொத்தம் மட்டும் பெரியது என்றால் லைன், இல்லையென்றால் அனுப்புகிற பொருளின் கனம்.

லாக்_ஃபார்மேட் வரி எச்டிடிபி பிளாக்குக்குள்தான் இருக்க வேண்டும். சர்வர் பிளாக்குக்குள் போட்டால் "இங்கே அனுமதி இல்லை" என்று சொல்லிவிடும். ஆக்சஸ்_லாக் வரியை சர்வர் பிளாக்கில் போட்டு, கடைசியில் ஃபார்மேட்டின் பெயரைச் சொல்ல மறந்துவிடாதீர்கள். பெயர் சொல்லாவிட்டால் பழைய கம்பைண்ட் வடிவத்திலேயே எழுதும். நீங்கள் மாற்றியது எதுவும் வேலை செய்யவில்லை என்று அரை நாள் முட்டிக்கொள்வீர்கள். நான் முட்டியிருக்கிறேன்.

மாற்றியதும் என்ஜின்எக்ஸை "-டி" போட்டுச் சோதித்துவிட்டு (இது டீக்கடை டீ, சின்ன எழுத்து) ரீலோட் செய்யுங்கள், ரீஸ்டார்ட் வேண்டாம்.

சாய்ந்த_கோபுரம் | 10.03.2025, இரவு 9.15

தெலுக் இந்தானிலிருந்து. இவ்வளவு சிக்கனம் எதற்கு? எல்லாவற்றையும் எழுதுங்கள், அதுவும் ஜேசனாக (நிரல்கள் எளிதாகப் படிக்கும் பெயர்-மதிப்பு வடிவம்) எழுதுங்கள். ரெஃபரர் (எந்தப் பக்கத்திலிருந்து வந்தார்), யூசர் ஏஜென்ட் (எந்தக் கைப்பேசி, பிரவுசர்), குக்கி, ஹோஸ்ட், போர்ட், எல்லாம். டிஸ்க் விலை குறைந்துவிட்டது. நாளைக்கு எது தேவைப்படும் என்று இன்றைக்கு யாருக்குத் தெரியும்? எழுதாமல் விட்டதைப் பிறகு தேடி எடுக்க முடியாது.

ஜேசன் போடுகிறவர்களுக்கு ஒரு குறிப்பு. ஃபார்மேட் பெயருக்குப் பிறகு "எஸ்கேப்=ஜேசன்" என்று கொடுங்கள் (1.11.8 பதிப்பிலிருந்து உண்டு). இல்லாவிட்டால் யாராவது மேற்கோள் குறியோடு ஒரு யூசர் ஏஜென்ட் அனுப்பினாலே வரி உடைந்துவிடும். அப்ஸ்ட்ரீம் நேரம் எண்தானே என்று மேற்கோள் இல்லாமல் விடாதீர்கள். அப்பாச்சி வரை போகாத கோரிக்கைக்கு அந்த இடம் காலியாகிவிடும், ஜேசனும் கெட்டுவிடும்.

சிப்புட்_பையன் | 11.03.2025, காலை 9.50

கிராணி வீட்டு அக்கா சொன்னபடி செய்தேன். இன்று காலை 7 முதல் 8 வரை பார்த்தேன். சீட்டுப் பக்கத்துக்கு எந்த வரியை எடுத்தாலும் இந்த மாதிரிதான்:

மொத்தம்=0.093 பின்=0.081

ஆனால் 7.30-க்கு ஒருவர் நேரில் வந்து கைப்பேசியைக் காட்டிவிட்டுப் போனார். பக்கம் பாதியில் நிற்கிறது. என் லாக்கில் எல்லாம் பறக்கிறது. யாரை நம்புவது?

பழைய_செக்ரோல் | 11.03.2025, காலை 11.40

கணினி எனக்கு அவ்வளவாகத் தெரியாது, பேரன் வைத்துக் கொடுத்ததால் படிக்கிறேன். தோட்டத்தில் 31 ஆண்டு செக்ரோல் (ஆட்களின் வருகைப் பதிவேடு) எழுதியவன்.

சீட்டோடு லோரிப் படமும் வரும் என்று முதலில் சொன்னீர்கள். நீங்கள் காட்டும் வரிகளில் படத்துக்கு ஒரு வரிகூட இல்லையே. காலையில் பிரட்டில், அதாவது பேர் கூப்பிடும் வரிசையில், நின்றவன் பெயர் செக்ரோலில் இல்லை என்றால், அவன் வரவில்லை என்று நாங்கள் எடுத்துக்கொள்வதில்லை. எழுதியவன் யார் என்று முதலில் கேட்போம். எனக்குத் தோன்றியதைச் சொன்னேன்.

சிப்புட்_பையன் | 11.03.2025, மதியம் 12.25

ஐயா, கும்பிட்டுக்கொள்கிறேன்.

கான்ஃபிக் ஃபைலின் கீழே ஒரு லொகேஷன் பிளாக். ஜேபிஜி, பிஎன்ஜி, சிஎஸ்எஸ் எல்லாவற்றுக்கும் "ஆக்சஸ்_லாக் ஆஃப்". லாக் சின்னதாக இருக்கட்டும் என்று யாரோ எப்போதோ போட்டது. படங்கள் இத்தனை நாளும் வரி இல்லாமல் போய்க்கொண்டிருந்தன. அதை எடுத்துவிட்டேன். நாளைக் காலை பார்க்கிறேன்.

சிப்புட்_பையன் | 12.03.2025, காலை 8.20

கிடைத்தது. (ஐபியை இந்த முறை நானே எடுத்துவிட்டேன்.)

[12/மார்ச்/2025:07:09:51 +0800] "கெட் /படம்/லோரி-0412.ஜேபிஜி" 200 3184022 மொத்தம்=46.310 பின்=-
[12/மார்ச்/2025:07:10:37 +0800] "கெட் /படம்/லோரி-0413.ஜேபிஜி" 200 917504 மொத்தம்=19.874 பின்=-

எடைமேடைக் கேமரா எடுக்கிற படத்தை அப்படியே, சுருக்காமல், ஒவ்வொன்றும் 3 எம்பி வீதம் அனுப்பிக்கொண்டிருக்கிறோம். 46 விநாடி! "பின்" இடத்தில் கோடு, அதாவது படம் அப்பாச்சி பக்கமே போகவில்லை, என்ஜின்எக்ஸே டிஸ்கிலிருந்து எடுத்துக் கொடுக்கிறது. நான் அப்பாச்சி லாக்கை ஒரு மாதம் முறைத்துப் பார்த்திருந்தாலும் இது தெரிந்திருக்காது.

இரண்டாவது வரி புரியவில்லை. அந்தப் படமும் 3 எம்பிதான். 200 என்று இருக்கிறது, ஆனால் 917504 பைட்தான் போயிருக்கிறது.

கூலிம்காரன் | 12.03.2025, காலை 8.55

அவர் பொறுக்க முடியாமல் பக்கத்தை மூடிவிட்டார். ஸ்டேட்டஸ் எண் பதிலின் தலையிலேயே போய்விடுகிறது. உடம்பு பாதியில் அறுந்தாலும் தலையில் எழுதிய 200 மாறாது. பதில் கிளம்புவதற்கு முன்பே மூடியிருந்தால் என்ஜின்எக்ஸ் 499 என்று எழுதியிருக்கும். ஆகவே ஸ்டேட்டஸை மட்டும் எண்ணி "99 சதவீதம் வெற்றி" என்று முதலாளிக்கு அறிக்கை கொடுக்கிறவர்களை நம்பாதீர்கள். பைட்டையும் சேர்த்துப் பார்க்க வேண்டும்.

படத்தைச் சுருக்கி 100 கேபிக்குக் கொண்டுவந்தால் அதே லைனில் ஒன்றரை விநாடிக்குள் போய்விடும்.

கேரித்தீவு | 12.03.2025, மதியம் 2.10

நாங்கள் விண்டோஸ், ஐஐஎஸ். அங்கே புலங்களை டிக் போட்டுத் தேர்ந்தெடுக்கலாம், வேலை எளிது. 8.5 பதிப்பிலிருந்து ஹெட்டரில் (கோரிக்கையின் தலைப்பகுதி) வரும் எதையும் தனிப் புலமாகச் சேர்க்கலாம், முன்னால் நிற்கும் சர்வர் உண்மையான ஐபியைச் சொல்லும் எக்ஸ்-ஃபார்வர்டட்-ஃபார் உள்பட.

ஆனால் அதன் டபிள்யூ3சி வடிவ லாக்கில் நேரம் யூடிசி (உலகப் பொது நேரம்). நம் நேரத்துக்கும் அதற்கும் 8 மணி வித்தியாசம். திங்கள் காலை 7.10-க்கு வந்த புகாரைத் திங்கள் ஃபைலில் தேடினேன், இல்லை. அது ஞாயிறு இரவு 11.10 என்று ஞாயிறு ஃபைலில் உட்கார்ந்திருந்தது. நமக்குக் காலை 8 அடித்தால்தான் ஐஐஎஸ்ஸுக்கு நாள் மாறும். ஃபைல் மாறும் நேரத்தை உள்ளூர் நேரமாக்க ஒரு டிக் உண்டு, ஆனால் அது ஃபைல் பெயருக்கும் மாறும் நேரத்துக்கும் மட்டும்தான். உள்ளே வரியில் நேரம் அப்போதும் யூடிசிதான். இதைத் தெரிந்துகொள்ள எனக்கு இரண்டு திங்கட்கிழமை பிடித்தது.

சிப்புட்_பையன் | 12.03.2025, மாலை 5.40

படங்களைச் சுருக்கியாயிற்று. அப்புறம் வேறொரு சந்தேகம். ஒரே ஐபியிலிருந்து காலை ஒரு மணி நேரத்தில் 200-க்கும் மேல் வரிகள், வெவ்வேறு ஐசிகள். யாரோ ஐசிகளை மாற்றி மாற்றிப் போட்டுப் பார்க்கிறார்களா? தடுத்துவிடலாமா?

கிராணி_வீட்டுப்பிள்ளை | 12.03.2025, இரவு 8.05

தடுத்தால் நாளைக் காலை மையத்து வாசலில் பாதி ஊர் நிற்கும். கைப்பேசி நிறுவனங்கள் பல வாடிக்கையாளர்களை ஒரே வெளி ஐபியின் பின்னால் வைக்கின்றன. ஒருவர் இணைப்பை இன்னொருவருடையதிலிருந்து பிரித்துக் காட்டுவது போர்ட் எண்தான். அதனால்தான் 2011-இல் வந்த ஆர்எஃப்சி 6302 என்ற இணையப் பரிந்துரை ஆவணம், இணையத்தில் நிற்கும் சர்வர்கள் ஐபியோடு மூலப் போர்ட்டையும் சரியான நேரத்தையும் எழுதட்டும் என்கிறது. என்ஜின்எக்ஸில் $ரிமோட்_போர்ட், ஒரு சொல்தான். யூசர் ஏஜென்ட்டையும் சேர்த்துக்கொள்ளுங்கள். 200 வரியில் முப்பது விதமான கைப்பேசிகள் தெரிந்தால் அது உங்கள் ஊர் ஆட்கள்.

அப்பாச்சியிலும் உண்மையான ஐபி வர வேண்டும் என்றால், முதலில் என்ஜின்எக்ஸ் எக்ஸ்-ஃபார்வர்டட்-ஃபார் ஹெட்டரை அனுப்புகிறதா என்று பாருங்கள். பிறகு அப்பாச்சியில் ரிமோட்ஐபி மாட்யூலைப் போட்டு, நம்பும் ப்ராக்ஸியாக 127.0.0.1-ஐ மட்டும் கொடுத்து, லாக்ஃபார்மேட்டில் முதல் %எச்-ஐ %ஏ ஆக்குங்கள். வருகிறவர்கள் எல்லோருடைய ஹெட்டரையும் நம்பிவிடாதீர்கள். அது யார் வேண்டுமானாலும் எழுதி அனுப்பக்கூடிய துண்டுச்சீட்டு.

இப்போது பெரிய விஷயத்துக்கு வருகிறேன். கோபுரம் அண்ணன் எல்லாவற்றையும் எழுதச் சொன்னார். தம்பி, உங்கள் தளத்தில் ஐசி பக்கத்தின் இணைய முகவரியிலேயே வருகிறது. $ரிக்வெஸ்ட் என்று எழுதும் ஒவ்வொரு முறையும் ஒருவருடைய ஐசி, பார்த்த நேரம், ஐபி மூன்றும் ஒரே வரியில் சேர்கின்றன. லாக் ஃபைலை யார் யார் நகல் எடுத்திருக்கிறார்கள்?

சாய்ந்த_கோபுரம் | 12.03.2025, இரவு 8.40

ஐசி விஷயத்தில் ஒத்துக்கொள்கிறேன், அதை நான் யோசிக்கவில்லை. ஆனால் ரிக்வெஸ்ட்டையே எடுத்துவிட்டால் லாக் எதற்கு? அதற்குப் பதில் $யூஆர்ஐ போடலாமே, அதில் கேள்விக்குறிக்குப் பின்னால் வருவது இருக்காது.

சிப்புட்_பையன் | 13.03.2025, காலை 9.10

$யூஆர்ஐ போட்டுப் பார்த்தேன். ஐசி போய்விட்டது. கூடவே பக்கத்தின் பெயரும் போய்விட்டது. சீட்டு, விலைப்பட்டியல், தொடர்புப் பக்கம், எல்லா வரியிலும் "/இண்டெக்ஸ்.பிஎச்பி".

கிராணி_வீட்டுப்பிள்ளை | 13.03.2025, காலை 10.30

உங்கள் கான்ஃபிக்கில் ட்ரை_ஃபைல்ஸ் இருக்கும், கேட்ட பெயரில் ஃபைல் இல்லாவிட்டால் கடைசியில் இண்டெக்ஸ்.பிஎச்பிக்குத் தள்ளும். $யூஆர்ஐ உள்ளே தள்ளத் தள்ள மாறிக்கொண்டே போகும், லாக் எழுதும் நேரத்தில் கடைசி வேஷத்தில் இருக்கும். மாறாதது $ரிக்வெஸ்ட்_யூஆர்ஐ, ஆனால் அதில் ஐசியும் இருக்கும். ஆகவே எச்டிடிபி பிளாக்கில் ஒரு மேப் எழுதுங்கள்: $ரிக்வெஸ்ட்_யூஆர்ஐ-யில் முதல் கேள்விக்குறி வரும் வரை உள்ளதை மட்டும் பிடித்து $பாதை என்று பெயர் வை. லாக்கில் "$ரிக்வெஸ்ட்" இருந்த இடத்தில் "$ரிக்வெஸ்ட்_மெத்தட் $பாதை" போதும்.

அதோடு முடிந்தது என்று நினைத்தால் ரெஃபரர் காத்திருக்கிறது. சீட்டுப் பக்கத்தில் இருக்கும் ஒவ்வொரு லோரிப் படத்தையும் கேட்கும்போது, "நான் இந்தப் பக்கத்திலிருந்து வருகிறேன்" என்று பிரவுசர் முழு முகவரியையும் சொல்லும். அதே தளம் என்பதால் ஐசியோடு சொல்லும். முன்வாசலைப் பூட்டிவிட்டுச் சமையலறைக் கதவைத் திறந்துவைத்த கதை. நான் ரெஃபரர் புலத்தையே எடுத்துவிடுவேன். திம்பாங் சீட்டுப் பார்க்க யார் எந்தத் தளத்திலிருந்து வந்தார் என்று தெரிந்து உங்களுக்கு என்ன ஆகப்போகிறது?

எல்லாவற்றுக்கும் மேல், படிவத்தை கெட்டிலிருந்து (விவரம் முகவரியில் போகும்) போஸ்ட்டுக்கு (விவரம் கோரிக்கையின் உடம்பில் போகும்) மாற்றுங்கள். அப்புறம் ஐசி முகவரிக்கே வராது. லாக்கில் வடிகட்டுவது இரண்டாவது வேலி.

கூலிம்காரன் | 13.03.2025, காலை 11.15

அக்கா சொன்னதோடு ஒன்று. பிழைகளைத் தனியாக எழுதும் எர்ரர் லாக்கை மறந்துவிடாதீர்கள். என்ஜின்எக்ஸில் அக்சஸ் லாக்கைத்தான் நம் விருப்பப்படி மாற்றலாம். எர்ரர் லாக்கின் வடிவம் அது வைத்ததுதான். ஏதாவது பிழை வந்தால் ரிக்வெஸ்ட்டை கேள்விக்குறி, ஐசி உள்பட அப்படியே எழுதிவிடும். மேப் எல்லாம் அங்கே செல்லாது.

தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம் 2010 நம் நாட்டில் 2013 நவம்பர் 15 முதல் நடப்பில் இருக்கிறது. தேவைக்கு மேல் வைத்திருக்கக் கூடாது என்பது அதில் ஒரு கோட்பாடு. பழைய லாக் ஃபைல்கள் எத்தனை நாளுக்கு இருக்கின்றன என்று பாருங்கள். டெபியன் லினக்ஸ் வழக்கப்படி என்றால் 14 நாளில் சுழன்று போய்விடும். முன்பு இருந்தவர் கூட்டி வைத்திருக்கலாம்.

சிப்புட்_பையன் | 13.03.2025, மாலை 6.05

கூட்டித்தான் வைத்திருக்கிறார். 400 நாள். அதோடு ஒவ்வொரு ஞாயிறும் அலுவலகக் கணினிக்கு ஒரு நகல். அந்தக் கணினியில்தான் எல்லோரும் கோப்பி குடித்துக்கொண்டே யூடியூப் பார்ப்பார்கள்.

முதலாளியிடம் கேட்டுப் பழையதையெல்லாம் அழித்துவிட்டேன். இப்போது 30 நாள். புகார் வந்தால் பெரும்பாலும் அந்த மாதத்துக்குள் வந்துவிடும்.

சாய்ந்த_கோபுரம் | 13.03.2025, இரவு 9.20

குக்கியை எழுதச் சொன்னதையும் திரும்ப வாங்கிக்கொள்கிறேன், லாகின் உள்ள தளத்தில் அது சாவியை வாசலில் மாட்டுவது மாதிரி. ஒன்று மட்டும் விடமாட்டேன்: $ரிக்வெஸ்ட்_ஐடி. ஒவ்வொரு கோரிக்கைக்கும் 32 எழுத்தில் ஓர் அடையாளம். அதை ஹெட்டராக அப்பாச்சிக்கு அனுப்பி அங்கேயும் லாக்கில் எழுதினால், இரண்டு லாக்கிலும் ஒரே கோரிக்கையைத் தேடிப் பிடிக்கலாம். யாருடைய ஐசியும் வேண்டாம்.

கிராணி_வீட்டுப்பிள்ளை | 13.03.2025, இரவு 9.45

அது நல்ல யோசனை அண்ணே. ஒத்துக்கொள்கிறேன்.

சிப்புட்_பையன் | 17.03.2025, காலை 10.15

இப்போது எழுதுவது இவ்வளவுதான்: ஐபி, போர்ட், நேரம், மெத்தட், பாதை, ஸ்டேட்டஸ், பைட், மொத்தம், பின், யூசர் ஏஜென்ட், ரிக்வெஸ்ட் ஐடி. ரெஃபரர் இல்லை, குக்கி இல்லை. ஜேசன் போடவில்லை, கண்ணால் படிக்கிறவன் நான் ஒருவன்தான். இன்று காலை 7 முதல் 8 வரை படங்களுக்கு அதிகபட்ச மொத்தம் 2.6 விநாடி. புகார் இல்லை.

படிவமும் வெள்ளிக்கிழமை போஸ்ட்டுக்கு மாறிவிட்டது. எதற்கும் இருக்கட்டும் என்று எல்லா லாக்கிலும் 12 இலக்க எண்களைத் தேடினேன். அக்சஸ் லாக்கில் பூச்சியம். எர்ரர் லாக்கில் மூன்று வரி. சனிக்கிழமை காலை ரிமோட்ஐபி மாட்யூலுக்காக அப்பாச்சியை ரீஸ்டார்ட் செய்த அந்தச் சில விநாடியில் மூன்று பேர் வந்திருக்கிறார்கள், மூவருக்கும் 502, அதாவது பின்னால் இருக்கும் சர்வரிடமிருந்து பதில் இல்லை. ஐசியோடு இருக்கும் பழைய முகவரியைக் கைப்பேசி முகப்பில் சேமித்துவைத்து, அதையே தட்டுகிறவர்கள். கூலிம் அண்ணன் சொன்னது அப்படியே நடந்தது.

கூலிம்காரன் | 17.03.2025, காலை 10.40

மூன்று பேரையும் கூப்பிட்டு அந்தப் பழைய லிங்கை அழிக்கச் சொல்லுங்கள். யார் என்று தெரியுமா?

சிப்புட்_பையன் | 17.03.2025, காலை 10.52

தெரியாமல் என்ன, ஐசிதான் வரியிலேயே இருக்கிறதே. ஒருவர் என் பெரியப்பா. மாலையில் வீட்டுக்குப் போய் நானே மாற்றிக் கொடுத்துவிட்டு, எர்ரர் லாக்கையும் அழித்துவிடுகிறேன்.